பறையும் கிற்றாரும்

சென்னை மாநகரின் கீழ்ப்பாக்கம் என்னும் பகுதியிலே, 2018ஆம் ஆண்டு சனவரி மாதம் 6ஆம் நாள் மாலை, பாடசாலை மைதானம் ஒன்றில் ஓர் இசைமேடை எழுந்திருந்தது. மேடையில் நின்றோர் பத்தொன்பதின்மர். அவருள் ஒருவர் மட்டுமே பெண். யாவரும் சாம்பல் நிறத்து மேல்நாட்டு உடையை ஒரே வகையாக அணிந்திருந்தனர். ஒருபுறத்தே மின்கிற்றாரும் மேல்நாட்டு முரசுத் தொகுதியும் இருந்தன. மறுபுறத்தே பறையும் சட்டியும் கட்டமோளமும் இருந்தன. தமிழிசை மேடைகளில் பறை அதற்கு முன்னர் ஏறியதே இல்லை என்று சொல்லல் தவறு. ஆயினும், பின்வரிசையில் ஒதுங்கி நின்று, பாட்டுக்குச் சிறிது நாட்டுப்புற மணம் ஊட்டிவிட்டுப் போவதே பெரும்பாலும் அதற்குக் கிடைத்த பணியாக இருந்தது. அன்று பறை முன்னே நின்றது. கிற்றார் அதனோடு இசைந்து சென்றது. ஆயிரக்கணக்கான இளைஞர் கூடி நின்று கேட்டனர்.

அக்குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது. சாதியற்றோர் கூட்டு என்று நாம் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். தமிழிலே பாடும் ஒரு குழுவுக்கு ஆங்கிலத்தில் ஏன் பெயர் என்று தமிழாசிரியனாகத் தொழில் தொடங்கிய என் மனம் முதலில் முணுமுணுத்ததுண்டு. பெயரின் வேர் தமிழிலேயே உள்ளது என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனைப் பின்னே கூறுவேன். புத்தூரிலே பாடசாலை அதிபனாயிருக்கும் ஒருவன், கிற்றாரைக் கையாலும் தொட்டறியாதவன், சென்னை இளைஞரின் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்ததேன் என்று நேயர்கள் வினவலாம். அதற்கும் விடை பின்னரே வரும்.

முதலில் ‘மாற்று றொக்’ எனப்படும் இசை இன்னதென்று சிறிது விளக்குதல் வேண்டும். றொக் இசையின் தாய், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ என்னும் துயர்ப்பாட்டு. அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள், பருத்தி வயல்களிலும் கூலி முகாம்களிலும் பாடிய பாட்டு அது. அதன் தாளமும் நடையும் 1950களில் றொக் என்னும் பெயரோடு நகர மேடைகளுக்கு வந்தன, வெள்ளையரும் பாடினர், பெருவணிகமாயிற்று. 1980களில், பெரிய இசைத்தட்டுக் கொம்பனிகளின் விருப்புக்கு ஆட மறுத்த குழுக்கள் சில, சிறு வெளியீட்டாளரையும் பல்கலைக்கழக வானொலிகளையும் நம்பித் தம் பாட்டைப் பாடின. அவற்றின் இசையையே மாற்று றொக் என்றனர். 1991இல் ‘நிர்வாணா’ என்னும் குழு வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையாகி, மாற்று என்றிருந்ததும் வணிகத்தின் நடுவீட்டுக்குள்ளே வந்து சேர்ந்தது. மாற்று என்னும் சொல்லுக்கு எப்பொழுதும் இந்த இடர் உண்டு. எதற்கு மாற்று என்ற வினாவை ஒவ்வோர் ஊரிலும் புதிதாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அவ்வினாவுக்கு விடை எளிது. அங்கே இசையென்றால் ஒன்று சினிமா, மற்றொன்று சபா. சினிமாவில் இடம் பெறாத பாட்டு ஊருக்குக் கேட்பதில்லை; சபாவில் ஏறாத பாட்டு இசையென்று எண்ணப்படுவதில்லை. இவ்விரண்டுக்கும் வெளியே நின்று தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடுவோரே அங்கு மாற்று இசைஞர். நம் நாட்டு நிலை முற்றும் அவ்வாறு இருந்ததில்லை. இந்த வானொலியே 1960களிலும் 1970களிலும் தமிழ்ப் பொப்பிசைக்கு வாய் கொடுத்தது. எங்கள் புத்தூருக்கு அயலிலுள்ள உரும்பிராயில் பிறந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பேச்சிலே பாடியதையும், ஏ. ஈ. மனோகரன் பைலாத் தாளத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றதையும் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆயின், அப்பாடல்கள் பெரும்பாலும் நகைச்சுவைப் பாடல்கள். கள்ளுக்கடையையும் மாமியையும் தொட்ட அவை, பறைக்காரன் வீட்டு வாசலைத் தொட்டதில்லை.

சாதியற்றோர் கூட்டின் இசைக்கு நிலம் வடசென்னை. துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த அப்பகுதியில், உழைப்பாளர் குடியிருப்புகளிலே, கானா என்றொரு பாட்டுமுறை நெடுங்காலமாய் வழங்கிவருகிறது. அதன் பிறப்பிடம் இழவு வீடு. ஒருவர் இறந்தால், இரவு முழுதும் உறவினரும் அயலாரும் கூடியிருக்க, கானாப் பாடகர் இறந்தவரின் வாழ்வையும் வாழ்வின் நிலையாமையையும் அவ்விடத்திலேயே சொற்கட்டிப் பாடுவர். மரணகானா என்று அதனைக் கூறுவர். கருவி வேண்டுமென்பதில்லை. தகரப் பெட்டியும் மேசைப் பலகையும் போதும். பட்டினத்தார் பாடலில் தோய்ந்தவர்க்கு அதன் பொருள் புதிதாய்த் தோன்றாது, மொழிதான் புதிது. 1990களில் இசையமைப்பாளர் தேவா முதலியோர் கானாவைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தனர். வந்த இடத்தில் அது குடிகாரன் பாட்டாகவும் காதலில் தோற்றவன் பாட்டாகவும் சுருங்கியது. இழவு வீட்டின் கனம் திரையில் ஏறவில்லை.

‘அட்டகத்தி’, ‘மெட்ராஸ்’, ‘கபாலி’ என்னும் திரைப்படங்களை நெறிப்படுத்திய பா. இரஞ்சித், ஆவடிக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றிற் பிறந்து, இப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். அவர் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்னும் இசையமைப்பாளர் நடத்திய மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு வெளியீட்டகமும் கூடி, கானாப் பாடகர் பலரை அழைத்துக் கேட்டுத் தெரிவுசெய்தன. அத்தெரிவின் பயனே முன்னர்க் கூறிய பத்தொன்பதின்மர். கானாப் பாடுவோர், பறை முதலிய தோற்கருவிகளை முழக்குவோர், கிற்றாரும் மேல்நாட்டு முரசும் பயின்றோர், ‘றாப்’ எனப்படும் விரைசொற்பாட்டுப் பாடுவோர் எனப் பல திறத்தார் அதிற் சேர்ந்தனர். திரைப்படத்துக்கு மாற்றாய் எழுந்த குழுவுக்குத் திரைப்படக்காரரே செவிலித்தாயானார் என்பது ஒரு முரண். பணமும் மேடையும் வேறெங்கிருந்து வரும் என்று கேட்டால் எனக்கும் விடை தெரியாது.

அக்குழு பாடிய பொருள்களைக் கேளுங்கள்: கல்வியிலும் தொழிலிலும் ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பது ஒன்று; மாட்டிறைச்சி உண்பவனை இழிந்தவன் என்று கூறும் வழக்கத்தைக் கேலி செய்வது ஒன்று; சாதி மாறி மணந்தோரைக் கொல்லும் கொடுமை ஒன்று; கழிவுக் குழிக்குள் இறங்கி உயிர் துறக்கும் தொழிலாளரைப் பற்றியது ஒன்று. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை இந்திய அரசு 1993இலும் மீண்டும் 2013இலும் சட்டத்தால் விலக்கியது; ஆயினும் குழிக்குள் மரணங்கள் நின்றபாடில்லை. இவற்றை ஒப்பாரியாய் அழாமல், துள்ளும் தாளத்தில் நகைத்துக்கொண்டு பாடியதே அவர்களின் தனித்தன்மை. அவ்வாண்டிலேயே ‘மகிழ்ச்சி’ என்னும் பெயரில் இசைத்தொகுப்பும் வெளியிட்டனர்.

இனிப் பறையைப் பற்றிச் சிறிது. நாம் பறைமேளம் என்று சொல்வது ஒன்று. அவர்கள் பறை என்று சொல்வது மற்றொன்று. மட்டக்களப்புப் பறைமேளக் கூத்தில் முழங்குவது இருபக்கமும் தோல் போர்த்து, இடுப்பிலே தொங்கவிட்டு அடிக்கும் உருளை வடிவ முழவு. தமிழ்நாட்டுப் பறையோ ஒருமுகக் கருவி. வேம்பு முதலிய மரத்துண்டுகள் மூன்றை வளைவாகச் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, வட்டச் சட்டமாக்கி, அதன்மேல் தோலை இழுத்து ஒட்டுவர். ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மூங்கிலிற் சீவிய மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. அடிக்குச்சி நடுவே விழுந்து கனத்த ஒலியை எழுப்ப, சிம்புக்குச்சி விளிம்பிலே விழுந்து கூரிய ஒலியைச் சிதறும். காற்றில் ஈரமிருந்தால் தோல் தளரும். ஆதலால் முழக்குமுன் தீ மூட்டிக் காய்ச்சி இறுக்குவர். மின்விளக்கும் ஒலிவாங்கியும் நிறைந்த நகர மேடைக்குப் பின்னாலும், அத்தீயை மூட்டாமல் பறையைக் கையில் எடுக்க முடியாது.

பழந்தமிழில் பறை இழிந்த சொல் அன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தொல்காப்பியர் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றார். புறநானூற்றில் மாங்குடிகிழார், சிறந்த குடிகள் என்று துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் மட்டுமே குறிப்பிடுகின்றார். உயர்தர வகுப்பிலே இப்பாடலை நடத்தும் ஆசிரியர் பலர் அவ்வரியை விரைந்து கடப்பதை நான் கண்டிருக்கிறேன். நானும் கடந்ததுண்டு. பறையென்பது சொல்லுதல் என்னும் பொருளதுமாகும்; அறிவிப்பவனின் கருவி எவ்வாறு தீண்டத்தகாதவனின் அடையாளமாயிற்று என்பது நீண்ட கதை. அக்கதையின் ஒரு துளி ஐரோப்பிய மொழிகளிலும் ஒட்டிக்கொண்டது. ஊராரால் விலக்கப்பட்டவன் என்னும் பொருளில் ஆங்கிலேயர் இன்றும் வழங்கும் சொல் இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.

இனிக் குழுவின் பெயருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அயோத்திதாச பண்டிதர் என்னும் சித்த மருத்துவர், தம் மக்களைக் குடிமதிப்பிலே சாதிபேதமற்றோர் என்று பதியுமாறு அரசினரை வேண்டினார். அவர் 1845இற் பிறந்து 1914இல் மறைந்தவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கியவர். 1898இல் கேணல் ஒல்கொட்டுடன் நம் கொழும்புக்கு வந்து, வித்தியோதய பிரிவெனாவின் சுமங்கல தேரரிடம் பௌத்த சமயம் புகுந்தார். சாதியில்லாத ஒரு வாழ்வைத் தேடி இந்தத் தீவுக்கு வந்த தமிழறிஞரை நம்மிற் பலர் அறியார். குழுவினர் தம் பெயரை அவருடைய அச்சொல்லாட்சியிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்பேச்சின் உயிர் அதிலேதான் இருக்கிறது. அயோத்திதாசர் பறையர் என்னும் பெயரையே வெறுத்தார். அது பகைவர் சுமத்திய பெயர், அதனைக் களைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் காலத்தவரான இரட்டைமலை சீனிவாசனோ நேரெதிர் வழியில் நின்றார். 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே ‘பறையன்’. எப்பெயரால் இழித்தார்களோ அப்பெயரையே தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும், மறைத்தால் இழிவு போகாது என்பது அவர் கட்சி. இருவரும் ஒரே மக்களுக்காக உழைத்தவர்கள், இவ்வொன்றிலே பிரிந்தவர்கள். இப்பொழுது இக்குழுவைப் பாருங்கள். பெயர் அயோத்திதாசருடையது, மேடையின் நடுவில் இருப்பதோ அவர் தம் மக்களின் பெயரிலிருந்து அகற்ற விரும்பிய பறை. நூறாண்டு கடந்தும் முடியாத அவ்வழக்கின் இரு கட்சியாரையும் அவர்கள் ஒரே மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

அவ்வழக்கு எங்கள் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. இதழ்களில் நடந்ததைவிட மிகுதியாகத் தெருக்களில் நடந்தது. குடிமை முறை என்று இங்கே ஒன்று இருந்தது. ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தால் சலவை செய்வோரும் முடிதிருத்துவோரும் பறைமுழக்குவோரும் தத்தம் கடமைக்கு வந்தே தீர வேண்டும். வர விருப்பமா என்று எவரும் கேட்பதில்லை. தேநீர்க்கடையில் தனிக் குவளை, கோயிலில் வெளிவீதி, பாடசாலையிலே நிலத்தில் இருக்கை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தது. பாடசாலைகளில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று பௌத்த சங்கத்தார் அக்காலத்திலே குடாநாட்டில் திறந்த பாடசாலைகளுள் ஒன்று எங்கள் புத்தூரிலே அமைந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மறியல் நடந்தது. இவற்றோடு கூடவே, அதிக ஓசையின்றி இன்னொன்றும் நிகழ்ந்தது. பறைமுழக்குவோர் பலர், இனி அடிப்பதில்லை என்று பறையைக் கீழே வைத்தனர். அதற்காக அடி வாங்கியோரும் உண்டு. வேலி எரிக்கப்பட்டோரும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை, பறையின் மௌனமே விடுதலையின் ஓசை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே, நாடகப் போட்டிக்கு ஒரு கூத்துப் பழக்கினோம். போர்க்களக் காட்சிக்குப் பறை வேண்டுமென்றார் நாடக ஆசிரியர். நல்ல இளைஞர், பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்று, பறையின் பெருமையைப் பேசுவதில் மிக ஆர்வம் உடையவர். மாணவன் ஒருவனின் பாட்டனார் ஒருகாலத்தில் தேர்ந்த பறைக் கலைஞர் என்று அறிந்து, அவனுக்குக் கற்றுக்கொடுக்குமாறு கேட்க நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். முதியவர் எங்களை இருத்தி, தேநீர் தந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “ஐயா, உதை நாங்கள் இறக்கி வைச்சது சும்மா இல்லை. என்ர தம்பிக்குக் கை முறிஞ்சது. உங்கட நாடகத்துக்காக உதைத் திரும்பவும் என்ர பேரன்ர தோளில கொழுவச் சொல்லாதேங்கோ,” என்றார். கலை, மரபு, அடையாளம் என்று நாங்கள் கொண்டுபோன சொற்கள் அத்தனையும் தேநீர்க் குவளையோடு ஆறிப்போயின. எழுந்து வந்துவிட்டோம். போர்க்களக் காட்சிக்கு மிருதங்கமே ஒலித்தது.

நான் இக்குழுவின் பாடல்களைத் தேடிக் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஆதலால் இசையறிஞன் கேட்பது போல நான் கேட்டேனல்லேன். அந்த முதியவரின் சொல்லுக்கு இவர்களிடம் விடை உண்டா என்றே கேட்டேன்.

குழுவின் பிற்கால வரலாற்றில் அவ்விடை ஓரளவு கிடைக்கிறது. அதிலிருந்த ஒரே பெண் இசைவாணி. வடசென்னை இராயபுரத்தில் இசைக்குடும்பத்திலே வளர்ந்து, சிறுவயதிலேயே மேடையேறியவர். கானா ஆண்களின் பாட்டாகவே இருந்துவந்தது. அவ்வேலியைக் கடந்த அவரை 2020ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தெரிந்தெடுத்தது. சபரிமலைக்குப் பெண்கள் செல்லலாமா என்னும் வழக்கிலே இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டெம்பரில் தீர்ப்பளித்ததை ஒட்டிய காலத்தில், ஐயப்பனை விளித்து அவர் பாடிய பாடலொன்று, ஆண்டுகள் பல கழித்து 2024 நவம்பரில் மீண்டும் கிளறப்பட்டது. அவர்மீது முறைப்பாடுகள் எழுந்தன, மிரட்டல்களும் வந்தன. மேடையில் ஏறிவிட்டால் இடர் நீங்கிவிடும் என்று எண்ணியிருந்தோர்க்கு அது ஒரு பாடம். பாட்டு ஆறு ஆண்டு பழையது. சினம் மட்டும் புதிது.

மற்றொருவர் அறிவு என்னும் கவிஞர். அரக்கோணத்தைச் சேர்ந்தவர். குழுவிற் பாடிக்கொண்டே, 2019இல் ஓஃப்ரோ என்னும் இசைஞருடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். குறளுக்கு எதுகையாகக் குரல் என்று பெயரிட்டதை நான் மெச்சினேன். 2021 மார்ச் 7ஆம் நாள் அவரும் தீ என்னும் பாடகியும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் பரவியது. அப்பாட்டின் வேர் நம் நாட்டு மலையகத்தில் இருக்கிறது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தே கால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமுறைகளாய்க் காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கியவர்கள், நிலமும் இன்றி வீடும் இன்றிக் கப்பலேறினர். வள்ளியம்மாள் போன்றோர் நெஞ்சிற் கொண்டுபோன துயரம், பேரனின் வாயிலே பாட்டாகி, அலைபேசி வழியாக நம்மிடமே திரும்பி வந்தது. என் பாடசாலைப் பிள்ளைகள் அதனைப் பாடி ஆடினர். அது எவருடைய கதையென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு காலைக்கூட்டம் தேவைப்பட்டது.

அப்பாட்டின் பின்கதை அத்துணை இனிதன்று. 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்னும் இசைச் சஞ்சிகை, அறிவு சொல்லெழுதிய பாடல்களைச் சிறப்பித்தபோது, அட்டையிலே பிறர் படங்கள் இருந்தன. அறிவின் படம் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அறிவின் படத்தோடு வேறோர் அட்டையை அச்சஞ்சிகை இணையத்தில் வெளியிட்டது. 2022 யூலை 28ஆம் நாள் சென்னையிலே உலகச் சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவின்றிப் பாடப்பட்டது. அவர் வெளிநாட்டில் இருந்தமையே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. பாட்டை ஆக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்பது குறித்து அறிவும் மற்றை இருவரும் வெவ்வேறு அறிக்கைகள் விடுத்தனர். அவ்வழக்கிலே தீர்ப்புக் கூற நான் முற்படேன். ஆயினும் ஒன்று கூறலாம். பாட்டு எங்கும் செல்லும். பாடியவன் அதனோடு கூடச் செல்வது எளிதன்று. குடிமை முறையிலே பறை மண்டபத்துக்குள் கேட்கும். பறைக்காரன் படலைக்கு வெளியே நிற்பான். பழைய வழக்கம் புதிய உடுப்பிலும் வரும் என்ற ஐயம் அன்று எனக்கு எழுந்தது. அறிவு சோர்ந்தாரல்லர். 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தொகுப்பைப் பாட்டியின் பெயராலேயே வெளியிட்டார்.

டென்மா திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ 2019இலும் ‘நட்சத்திரம் நகர்கிறது’ 2022இலும் வந்தன. 2020 திசெம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவைத் தொடங்கியது. சென்னையிலே மார்கழி என்றால் கருநாடக இசைச் சபாக்களின் மாதம். அம்மாதத்திலேயே, அந்நகரத்திலேயே, கானாவும் பறையும் ஒப்பாரியும் தமக்கென ஒரு மேடை பெற்றன. இக்குழு விளைத்த பயன்களுள் இதனையே நான் பெரிதாய்க் கருதுகிறேன். ஒரு குழு பிரியலாம், உறுப்பினர் தத்தம் வழியே போகலாம். ஆண்டுதோறும் வரும் விழா ஒன்று புதியவரை ஏற்றிக்கொண்டேயிருக்கும்.

குறைகளும் உண்டு. சில பாடல்கள் பாட்டாய் அமையாமல் மேடைப் பேச்சாய் நின்றுவிடுகின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் என்னும் அவசரத்தில் சந்தம் பின்தங்கிவிடுகிறது. பத்தொன்பது பேரின் ஒலியிலே தனிக்குரல் அமிழ்ந்துபோகும் இடங்களும் பல. ஆனால் பறையும் சட்டியும் மட்டும் தனித்து எழுந்து, கிற்றார் ஒதுங்கி வழிவிடும் இடங்கள் வருகின்றன. அவ்விடங்களிலே எனக்குப் பாட்டின் சொற்கள் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையொன்றில் அந்த முதியவரைக் காணச் சென்றேன். எண்பதைக் கடந்துவிட்டார், கண் மங்கியிருந்தது, செவி கூர்மையாகவே இருந்தது. பேரன் தன் அலைபேசியில் கீழ்ப்பாக்கத்து நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைப் போட்டான். முதியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சுவர்க்கட்டில் வைத்திருந்த அவருடைய விரல் இரண்டு அசைந்தன. “சிம்புக்குச்சி பிடிக்கிற பெடியன் கெட்டிக்காரன்,” என்றார். பின்னர் என்னைப் பார்த்து, “ஐயா, உவை இண்டைக்கு அடிக்கமாட்டம் எண்டு சொன்னால் ஆரும் உவைக்கு அடிப்பினமோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“செத்தவீட்டுக்கு வா எண்டு ஆளனுப்பினால்?”

விரும்பினால் போவார்கள், விரும்பாவிட்டால் போகமாட்டார்கள் என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். அலைபேசியில் பாட்டு முடிந்துவிட்டது. “இன்னொருக்காப் போடு, மோனை,” என்று பேரனிடம் சொன்னார்.